கீரை ராஜாவின் தராசு

மண் மூட்டைகளை நிறுக்கும் தராசைக் கைவண்டியில் ஏற்றினோம். கம்பளியால் போர்த்தினோம். அதன் மேல் கோதுமைச் சாராயப் புட்டிகளை அடுக்கினோம். துவார்த்தே குறிப்பேட்டைத் திறந்தான்.

"விருந்துக்குப் போறோம்னுதானே சொன்னீங்க? தராசு எதுக்கு?"

அவன் போர்ச்சுகல்காரன். எங்கள் மண் ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு மாத விருந்தாளி. ஊர் திரும்பியதும் உள்ளூர்ச் செய்தித்தாளில் ஜெர்மானியர்களைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லி, நாங்கள் கதவைச் சாத்துவதைக்கூட எழுதிக்கொள்வான். அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கும் வேலையை இயக்குநர் என்னிடம் கொடுத்திருந்தார். நான் மறுக்கமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். மறுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டும்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி எல்லாரையும் எடை போடுவோம். சாப்பிட்டப்புறம் திரும்பப் போடுவோம். யாருக்கு அதிகமா ஏறியிருக்கோ அவங்கதான் இந்த வருஷக் கீரை ராஜா. பொண்ணா இருந்தா ராணி."

"என்னைக் கிண்டல் பண்ற."

"இல்ல."

அவன் எழுதினான். அடிக்கோடும் போட்டான். அதற்குள் நான் களைத்துவிட்டேன். அன்றைக்குப் பேச வேண்டிய அளவில் பாதியைக் காலை பதினோரு மணிக்கே செலவழித்திருந்தேன்.

என் பெயர் இம்கே. வேதியியல் படித்தவள். மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர் இறங்கும் சத்தம் கேட்டால், அவர் போய்ச் சேரும்வரை கதவுக்குப் பின்னால் செருப்போடு நிற்பேன். பட்ட ஆய்வின் வாய்மொழித் தேர்வில் எல்லாப் பதில்களையும் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானைப் பார்த்துச் சொன்னேன். நல்ல மதிப்பெண் வந்தது. தீயணைப்பான் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

ஜனவரியின் மூன்றாவது சனிக்கிழமை கீரைப் பயணம். கழுத்தில் கயிறு கட்டிய சின்னக் கிண்ணியை மாட்டிக்கொண்டு, சாலையில் பந்து உருட்டிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வாய் குடித்துக்கொண்டு, ஆறு கிலோமீட்டர் நடந்து விடுதிக்குப் போவோம். பந்து யாருடையது எவ்வளவு தூரம் போனது என்று கத்த வேண்டும். பாட்டும் உண்டு. இதிலிருந்தெல்லாம் தப்பிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் கிடைத்தது. தராசுப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். தராசுக்குப் பின்னால் நிற்பவளை யாரும் பாடச் சொல்வதில்லை.

தராசு வேண்டியிருந்ததற்குக் காரணம் ஓன்னோ.

ஓன்னோ எங்கள் கூடத்தின் தராசுகளுக்கும் எடைக்கற்களுக்கும் பொறுப்பாளர். ஆறு வருஷமாக எனக்கு எதிர்மேசை. காலையில் "மொய்ன்" என்பார். நானும் "மொய்ன்" என்பேன். மத்தியானம் தேநீர் வேண்டுமா என்று புருவத்தால் கேட்பார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நாளில் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால், அன்று ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இதற்கு நெருங்கிய நட்பு என்று பெயர்.

இருபத்துநாலு வருஷமாகக் கீரைப் பயணம் வருகிறார். ஒரு தடவைகூட ராஜா ஆனதில்லை. ஒரு வருஷம் வயிற்றுப்போக்கு. ஒரு வருஷம் முதல் நாள்தான் பல் பிடுங்கியிருந்தார். போன வருஷம், மண் மாதிரிகளைச் சேகரிக்கும் பிரிவின் த்யார்க்கிடம் நூறு கிராமில் தோற்றார். அப்போது நிறுத்தது விடுதிக்காரியின் குளியலறைத் தராசில். அது கம்பளத்தின் மேல் இருந்தது. ஓன்னோ தராசைத் தூக்கி, அடியிலிருந்த கம்பளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கணக்குக்கு அது நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது மாதிரி.

ஆகவே இந்த வருஷம் ஒழுங்கான தராசு. இருபது கிராம் வரை துல்லியம். வண்டியில் குலுங்கிப் போவதால் தராசு பிசகியிருக்கலாம் என்று, சரிபார்க்க ஒரு கிலோ பித்தளை எடைக்கல்லையும் எடுத்துக்கொண்டேன். மனிதர்களை நிறுக்கும் தராசுக்கு இருபது கிலோக் கல்தான் முறை. அது ஸ்வெட்டர் பையில் கொள்ளாது. கல்லை வெளியே எடுத்துப் போகும் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'கள ஆய்வு' என்று எழுதினேன். ஓன்னோ படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மீசை மட்டும் ஒரு தடவை அசைந்தது.

கால்வாய் ஓரமாக வண்டியை நாங்கள் இரண்டு பேரும் இழுத்தோம். முன்னால் முப்பத்தாறு பேர் கத்திக்கொண்டு போனார்கள். புல்லெல்லாம் உறைபனி.

"காலையில சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து இல்ல."

வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. ஒரு பாலத்தைக் கடந்தோம்.

"ராஜா ஆனா," என்றார். பிறகு இருநூறு மீட்டர் நடந்தோம். "அடுத்த வருஷம் வழி, விடுதி எல்லாம் அவன்தானே ஏற்பாடு பண்ணணும்?"

"ஆமா."

"வேலையில இல்லாட்டியும்?"

மார்ச் முப்பத்தொன்றோடு அவர் ஓய்வு பெறுகிறார்.

"ஆமா. விதி அப்படித்தான்."

"ஐலர்ட் ரிட்டயர் ஆனப்புறம் ஒரு வருஷம் கூப்பிட்டோம். சுவரோரமா கோட்டைக்கூடக் கழட்டாம நின்னான். போயிட்டான். அடுத்த வருஷம் யாரும் கூப்பிடல." வண்டியை ஒரு பள்ளத்திலிருந்து தூக்கிவிட்டார். "நானும்தான் கூப்பிடல."

ராஜாவை யாரும் கூப்பிட மறக்க முடியாது. ராஜா இல்லாமல் பயணமே கிளம்பாது. நேற்று மத்தியானத்திலிருந்து ஏன் பட்டினி என்று எனக்குப் புரிந்தது. நான் வண்டியைக் கொஞ்சம் வேகமாக இழுத்தேன். ஆறுதல் சொல்வதில் அதுதான் என் எல்லை.

விடுதி முன்கூடத்தில், கல் தரையில் தராசை வைத்தேன். அதன் குமிழைப் பார்த்து மட்டம் சரிசெய்தேன். பையிலிருந்து எடைக்கல்லை எடுத்துவைத்தேன். 1.00 காட்டியது. எழுதினேன், நேரத்தோடு.

"கோட்டு, ஸ்வெட்டர், பூட்ஸ், கழுத்துக் கிண்ணி, சாவிக்கொத்து. எல்லாத்தையும் கழட்டுங்க," என்றேன். சத்தம் போதவில்லை. ஸில்யா அதையே திருப்பிக் கத்தினாள். சுவரில் மாட்டியிருந்த படம் அதிர்ந்தது.

ஸில்யா நீர்ப் பரிசோதனைப் பிரிவு. எங்கள் கூடத்திலேயே உரத்த குரல் அவளுடையது. அதனால் எனக்குத் தோழி. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். த்யார்க்கின் சட்டைப்பையில் ஒரு பேனா இருந்தது. அதையும் எடுக்க வைத்தேன்.

"பேனா எவ்வளவு இருக்கும், பத்து கிராமா? ஏம்மா இப்படிப் படுத்தற?"

"எடுத்துடுங்க."

"சுங்கச்சாவடியே தேவலாம்."

துவார்த்தே ஏறியபோதும் குறிப்பேட்டை விடவில்லை. பிடுங்கிவைத்தேன். கடைசியாக நானும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ஏறி, என் எடையை எழுதிக்கொண்டேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

பிறகு சாப்பாடு. காலையிலிருந்து வெந்து கறுத்த கீரை, தொட்டி தொட்டியாக வந்தது. உருளைக்கிழங்கு, புகைபோட்ட பன்றி இறைச்சி, கடுகுச் சாந்து. அப்புறம் பிங்கல்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர். என் அப்பா இந்தக் கீரையைத்தான் பயிரிடுகிறார். ஓட்ஸும் கொழுப்பும் திணித்த இந்த பிங்கல் என்கிற தொத்திறைச்சி எனக்குப் பிடிக்காது. வாயில் வைத்தால் மெழுகுவர்த்தியைக் கடித்த மாதிரி இருக்கும். இதை நான் ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் திருட்டை மன்னிப்பார்கள்.

முதல் வருஷம் அதை நாப்கினில் சுருட்டும்போது ஓன்னோ பார்த்துவிட்டார். அவருடைய முள்கரண்டி மட்டும் மேசையைக் கடந்து வந்து, பிங்கலைக் குத்தித் திரும்பிப் போனது. அதிலிருந்து வருஷாவருஷம் அப்படித்தான். நான் வேண்டிய அளவு பரிமாறிக்கொள்வேன், ஊர் பார்க்க. அவர் முள்கரண்டி வரும்.

இந்த வருஷம் அது மூன்று தடவை வந்தது. இறைச்சித் துண்டுக்கும் வந்தது. அவர் வியர்த்துக்கொண்டே சாப்பிட்டார். பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்தினார். எதிர்ப்பக்கம் த்யார்க் நாலாவது தட்டில் திணறிக்கொண்டிருந்தான்.

"ஓன்னோ, விட்டுடுங்க. வயசான காலத்துல வெடிச்சுடப் போறீங்க."

"உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு," என்றார் ஓன்னோ.

நான் அரை உருளைக்கிழங்கும் ஒரு கரண்டிக் கீரையும் சாப்பிட்டிருப்பேன். பின்னால் வேலை இருந்தது. வேலை இருந்தால் எனக்குப் பசிக்காது.

நாலு மணிக்கு இரண்டாவது சுற்று. இந்த முறையும் முதலில் எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தேன். ஒரு தொடர் அளவீட்டின் தொடக்கத்திலும் நடுவிலும் சரிபார்ப்பதுதான் நல்ல முறை. அதே 1.00. எழுதினேன். முன்கூடத்துக் கதவை யாராவது திறந்துகொண்டே இருந்தார்கள், குளிர் உள்ளே வந்தது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன்.

எல்லோரையும் ஸ்வெட்டர் கழற்ற வைத்தேன். த்யார்க் இம்முறை பேனாவைத் தானாகவே எடுத்துக் கொடுத்தான். வயிறு நிறைந்த முப்பத்தேழு பேர், ஒருவர் பின் ஒருவராக முனகிக்கொண்டே ஏறி இறங்கினார்கள். எழுதினேன். கடைசியாக நான் ஏறினேன். துவார்த்தே என்னைப் படம் எடுத்தான். படம் எடுத்தால் எனக்குக் கை கால் எங்கே வைப்பதென்று தெரியாது. எண்ணை அவசரமாக எழுதிவிட்டு இறங்கி, காகிதத்தை ஸில்யாவிடம் கொடுத்தேன். கழித்தல் கணக்கும் அறிவிப்பும் அவள் வேலை.

அவள் விடுதியின் பெரிய கூடத்தில் மேசைமேல் ஏறினாள். கரண்டியால் புட்டியைத் தட்டினாள்.

"மூணாவது இடம்! ஒண்ணு புள்ளி மூணு நாலு! த்யார்க்!"

கைதட்டல். த்யார்க் ஏப்பம் விட்டான்.

"ரெண்டாவது! ஒண்ணு புள்ளி அஞ்சு ரெண்டு! ஓன்னோ!"

ஓன்னோ மெதுவாகத் தலையாட்டினார். இரண்டாவது என்ற சொல் அவருக்குப் பழக்கமானது.

"முதல் இடம்! ஒண்ணு புள்ளி ஆறு ஆறு! இதை நானே நம்பல! இவ்வளவு நாளா நம்மகூட இருந்துக்கிட்டு... நம்ம இம்கே!"

கூரை இடிகிற மாதிரி கத்தினார்கள். யாரோ என்னைப் பிடித்து எழுப்பினார்கள். கழுத்தில் ராஜ சின்னம் விழுந்தது. அது வெள்ளியடித்த பன்றித் தாடை எலும்பு, பச்சை ரிப்பனில். தலையில் கீரைக்கொத்து.

அரை உருளைக்கிழங்கு, ஒன்று புள்ளி ஆறு ஆறு கிலோ. நான் மண்ணில் பாஸ்பரஸ் அளப்பவள். இப்படி ஒரு எண் வந்தால் மாதிரியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவேன். இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டேன். வலது கையில் சில்லென்று ஏதோ பட்டது.

பித்தளை.

சான்றிதழ் பெற்ற எடைக்கல்லைக் கையுறை இல்லாமல் தொட்டுவிட்டேனே என்பதுதான் முதலில் தோன்றியது. இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் புரிந்தது. ஒரு பேனாவுக்காக ஒரு மனுஷனைப் படுத்தியவள், ஒரு கிலோவைப் பைக்குள் போட்டுக்கொண்டு தராசில் ஏறியிருக்கிறேன். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொண்டுவந்த அதே ஒரு கிலோ.

ஓன்னோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கை கொடுத்தார்.

"நியாயமா ஜெயிச்ச," என்றார். "நல்ல தராசு. இந்தத் தடவை குறை சொல்ல ஒண்ணும் இல்ல."

என் வலது கையில் கல் இருந்தது. இடது கையைக் கொடுத்தேன். அவர் போய்விட்டார்.

ஸில்யாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஸில்யா. தப்பு நடந்திருக்கு. என் பையில எடைக்கல். ஓன்னோதான் ராஜா. நீ சொல்லிடேன்."

"அடிப்பாவி! பேசாம தப்பிக்கறதுக்கு என்னமா கதை கட்டற!"

"நிஜம்டி."

"போன வருஷம் வாழ்த்துப் பாடச் சொன்னப்ப தொண்டையில மீன் முள்ளுன்ன. அன்னிக்கு மீனே சமைக்கல. ஏறுடி நாற்காலில. ராணி பேசியாகணும்."

அவளைக் குறை சொல்ல முடியாது. என் பழைய தரவுகள் எல்லாம் அவள் பக்கம்தான் இருந்தன.

துவார்த்தே போனை நீட்டினான்.

"பாரேன், ராணி தராசுல நிக்கறா. இதைத்தான் பேப்பர்ல போடப்போறேன்."

படத்தில் நான் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வலதுபக்கப் பை பசுமாட்டு மடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

நாற்காலியில் ஏற்றிவிட்டார்கள். முப்பத்தேழு முகங்கள். தீயணைப்பான் எங்கே என்று தேடினேன். அந்த விடுதியில் அது கதவுக்குப் பின்னால் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராணி 'நன்றி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். எங்கள் பக்கத்தில் அதைவிட நீளமாகப் பேசினால்தான் சந்தேகப்படுவார்கள். உண்மையைச் சொல்ல, எவ்வளவு சுருக்கினாலும், நாலு வாக்கியம் வேண்டும். ஒரு சொல்லுக்கும் நாலு வாக்கியத்துக்கும் உள்ள தூரத்தை நான் வாழ்க்கையில் கடந்ததே இல்லை. அடுத்த வருஷம் விடுதிக்குப் போன் செய்ய வேண்டும், வழி சொல்ல வேண்டும், பாட்டைத் தொடங்கிவைக்க வேண்டும். அதெல்லாம் அடுத்த வருஷம். அதற்குள் வேறு ஊரில் வேலை தேடிக்கொள்ளலாம். நாற்காலியின் மேல் நின்றுகொண்டு நான் நிஜமாகவே இதையெல்லாம் யோசித்தேன்.

"நன்..." என்று வாயைத் திறந்தேன்.

அப்போது ஓன்னோவைப் பார்த்தேன். சுவரோரமாக நின்றிருந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்காகக் கைதட்டிக்கொண்டும் இருந்தார்.

பையிலிருந்து எடைக்கல்லை எடுத்தேன். தூக்கிக் காட்டத்தான் நினைத்தேன். கை முழுக்க வேர்வை. கல் நழுவி, எனக்கு நேர்க்கீழே இருந்த கீரைத் தொட்டியில் விழுந்தது. கீரை எழும்பி, இயக்குநர் பேரென்ட்ஸின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.



"இது என் பையில இருந்துச்சு," என்றேன். "நிறுக்கும்போது. ஒரு கிலோ. ஓன்னோதான் ராஜா."

எண்ணிப் பார்த்தேன். சரியாக நாலு வாக்கியம்.

இயக்குநர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்தார். கண்ணாடியையும் துடைத்தார்.

"கல்லைப் பையில எப்பப் போட்டீங்க?"

"ரெண்டாவது சரிபார்ப்பு முடிஞ்சு."

"எழுதிவச்சிருக்கீங்களா?"

"மூணு அம்பத்தொன்பதுக்கு."

"நல்லது," என்றார். அவர் முகம் தெளிந்தது. எழுதிவைத்த தவறு அவருக்குப் பாதித் தவறுதான்.

பிறகு நடந்ததை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். அது சுருக்கமாக நடக்கவில்லை. த்யார்க் எல்லோரையும் மறுபடி நிறுக்க வேண்டும் என்றான். ஒரு அளவீட்டில் பிழை என்றால் மொத்தத் தொடரும் செல்லாது என்றான்.

"நான் ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேனே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் மூணு!"

"கழிச்சதைக் கணக்குல எப்படிச் சேக்கறது?"

கை தூக்கி வாக்கெடுத்தார்கள். கழித்தல் கணக்கே போதும் என்று முடிவானது. ஒன்று புள்ளி ஆறு ஆறில் ஒன்று போனால் புள்ளி ஆறு ஆறு. எனக்கு மூச்சு வந்தது. நாற்காலியிலிருந்து இறங்கப் பார்த்தேன்.

"இருங்க இருங்க," என்றாள் ஸில்யா. துவார்த்தேயின் போன் அவள் கையில் இருந்தது. "இவ ஸ்வெட்டரோட நிக்கறா! எங்களையெல்லாம் சட்டையோட நடுங்க விட்டுட்டு!"

"ஸ்வெட்டர் எவ்வளவு?" என்றார் இயக்குநர்.

"தெரியாது," என்றேன்.

"தெரிஞ்சுக்கலாமே."

ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். ஊர்வலமாக முன்கூடத்துக்குப் போனார்கள். தராசைச் சுற்றி நின்றார்கள். ஸில்யா அதை மடித்து வைத்தாள். 0.64.

துவார்த்தே எழுதிக்கொண்டே சத்தமாகப் படித்தான். "சாயங்காலம் நாலே முக்கால். படிச்சவங்க முப்பத்தேழு பேர், ஒரு ஸ்வெட்டரை எடை போடறாங்க. யாரும் சிரிக்கல."

அவன் சொன்ன பிறகுதான் சிலர் சிரித்தார்கள். ஆனால் ஸில்யா சிரிக்கவில்லை. அவள் காகிதத்தில் கழித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கழித்தாள். மறுபடி கழித்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"இருபது கிராம்," என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் எதைச் சொல்லிவிட்டேன் என்று.

"ரெண்டு மணி நேர விருந்துல இருபது கிராமா? உன் தட்டுல மூணு பிங்கல் இருந்துச்சேடி. நானே பார்த்தேன். எங்க போச்சு?"

இரண்டு மணி நேரத்தில் மூச்சிலும் வேர்வையிலுமே நூறு கிராம் போகும் என்று சொல்ல நினைத்தேன். நல்ல வாதம். ஆனால் நாலு வாக்கியத்தோடு அன்றைய சரக்கு தீர்ந்துவிட்டது. என் கண் என் அனுமதி இல்லாமல் ஓன்னோவின் வயிற்றைப் பார்த்தது. முப்பத்தாறு ஜோடிக் கண்களும் அதன் பின்னாலேயே போயின.

"அவளுக்குப் பிடிக்காது," என்றார் ஓன்னோ. "ஆறு வருஷமா."

"பிங்கலா? பிடிக்காதா?" த்யார்க் தலையிலிருந்து தொப்பியை எடுத்தான். "உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

"அப்ப இவர் எடையில அவளோட பங்கும் இருக்கு," என்றான் த்யார்க், நம்பிக்கை திரும்பியவனாக. "அது முறையா?"

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் சட்டையின் கீரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"யாரு வளர்த்தது, யாரு சமைச்சது, யாரு தட்டுல இருந்ததுன்னு விதி கேக்கல," என்றார். "யாரு வயித்துல இருக்குன்னுதான் கேக்குது."

தாடை எலும்பை நானே கழற்றினேன். ஓன்னோ குனிந்தார். கோட்டுக் காலர் தடுத்தது. கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்தார். மாட்டிவிட்டேன். கீரைக்கொத்து அவர் வழுக்கையில் நிற்காமல் காதோரம் சரிந்தது. நாற்காலியில் ஏறினார். அவ்வளவு சாப்பிட்டவரை ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது.

"அடுத்த ஜனவரி," என்றார். "மூணாவது சனிக்கிழமை. பதினோரு மணி. கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வழி." கொஞ்சம் யோசித்தார். "நான் வருவேன்."

அதைவிட நீளமான ராஜ உரையை எங்கள் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. ஸில்யா அழுதுவிட்டாள். சாராயம் என்று பிறகு சொன்னாள்.

ராஜாவின் முதல் ஆணை எனக்கு. ஒரு முழு பிங்கல், எல்லோர் முன்னாலும். அவரே தட்டில் வைத்துக் கொடுத்தார். மெழுகுவர்த்திதான். மென்றேன். எண்ணிக் கைதட்டினார்கள். கடைசி வாயை விழுங்கும்போது துவார்த்தே கேட்டான்:

"எப்படி இருக்கு? ஒரு வரி சொல்லேன், எழுதிக்கறேன்."

"நல்லா இருக்கு," என்றேன். ஊர்ச் செய்தித்தாளுக்கு அவ்வளவு உண்மை போதும்.

திங்கட்கிழமை காலை "மொய்ன்" என்றேன். எதிர்மேசையிலிருந்து "மொய்ன்" வந்தது. எடைக்கல்லைச் சாராயத்தில் கழுவி, உலர்த்தி, கையுறை போட்டுக்கொண்டு துல்லியத் தராசில் வைத்தேன். நாற்பது மில்லிகிராம் கூடுதலாகக் காட்டியது. உருப்பெருக்கியில் பார்த்தேன். மேலே பொறித்திருந்த எண்ணின் பள்ளத்தில், கறுப்பாக, கொஞ்சம் இருந்தது.

குறைபாட்டுப் படிவத்தை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பிறகு 'கீரை' என்று எழுதி, எதிர்மேசைக்குத் தள்ளினேன்.

ஓன்னோ படித்தார். திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில், அவருடைய சின்ன, நேரான எழுத்தில் எழுதினார்: 'அடுத்த ஆண்டும் தராசுக்கு இம்கேதான் பொறுப்பு. ஸ்வெட்டருக்கு அனுமதி இல்லை.' கீழே கையெழுத்து. பெயருக்குப் பக்கத்தில் பதவி என்று ஒரு கோடு இருக்கும். இருபத்துநாலு வருஷமாக அங்கே 'தொழில்நுட்பப் பொறுப்பாளர்' என்று எழுதியவர், இந்த முறை 'ராஜா' என்று எழுதினார்.

புருவத்தால் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். தலையாட்டினேன்.

படிவத்தைக் கோப்பில் வைத்தேன். குறைபாட்டுப் படிவங்களைப் பத்து வருஷம் பாதுகாக்க வேண்டும் என்பது எங்கள் விதி.